சென்று தேய்ந்து இறாத பேச்சு

மேடைப் பேச்சைக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. ஆகவே அந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவும், மற்றவற்றுக்கு அவை கேட்கும் அளவிலும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவி. ஐந்து நிமிடப் பேச்சுப் போட்டிக்காக எங்கள் தமிழாசிரியர் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் இரவும் பகலும் மனப்பாடம் செய்தேன். மேடையில் நான்காம் பக்கத்தில் ஒரு வரி மறந்துபோனது. அதற்கு மேல் ஒன்றுமே வரவில்லை. ‘நன்றி, வணக்கம்’ என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அடுத்த மாதம் இன்னொரு போட்டி இருக்கிறது. மறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– மாணவி, நாமக்கல்

பதில்: ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தி, “ஏழெட்டு எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை ‘ஓரேழு ஏழு’ என்று முதலிலிருந்து தொடங்கித்தான் ஐம்பத்தாறுக்கு வந்து சேரும். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்த உரையும் அப்படிப்பட்டதே. அதில் ஒவ்வொரு வரியும் தனக்கு முந்தைய வரியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வரி கையை விட்டுவிட்டால் பின்னால் நிற்கும் அத்தனை வரிகளும் வழி தெரியாமல் நின்றுவிடுகின்றன. உங்களுக்கு நேர்ந்தது நினைவாற்றலின் குறை அன்று, நீங்கள் நினைவில் வைக்கத் தேர்ந்துகொண்ட பொருளின் குறை.

இது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதும் அன்று. பிற்காலத்தில் உலகப் பெரும் பேச்சாளர்களில் ஒருவராக எண்ணப்பட்ட வின்ஸ்டன் சர்ச்சில், 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில், மனப்பாடம் செய்த உரையை முக்கால் மணி நேரம் போல நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியத்தின் நடுவில் அடுத்த சொல் வராமல் நின்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 29. சற்று நேரம் தடுமாறிப் பார்த்துவிட்டு, இதுவரை கேட்டதற்காக உறுப்பினர்களுக்கு நன்றி கூறி அமர்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அதன் பிறகு குறிப்பு இல்லாமல் அவையில் பேசுவதில்லை என்பதை வழக்கமாக்கிக்கொண்டார். நீங்களும் ‘நன்றி, வணக்கம்’ என்றுதான் முடித்திருக்கிறீர்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆசிரியர் எழுதித் தந்த ஆறு பக்கத்தையும் இருமுறை நிதானமாகப் படித்துவிட்டு மூடி வையுங்கள். பிறகு சமையலறைக்குச் சென்று, வேலையாக இருக்கும் அம்மாவிடம், “அம்மா, நான் எதைப் பற்றிப் பேசப் போகிறேன் தெரியுமா?” என்று தொடங்கி, ஐந்தாறு வாக்கியங்களில் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். அம்மா கேட்கும் குறுக்குக் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள், எங்கெல்லாம் “அதெப்படி?” என்று கேட்டாரோ, அங்கெல்லாம் ஆசிரியரின் உரையிலோ உங்கள் புரிதலிலோ ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த ஐந்தாறு வாக்கியங்களே உங்கள் உரையின் வழித்தடம். நினைவில் வைக்க வேண்டியது அந்தத் தடத்தைத்தான். நாள்தோறும் ஒருமுறை அதே தடத்தில், ஆனால் வேண்டுமென்றே வேறு சொற்களில், வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஏழெட்டு நாளில் ஒரு கருத்தைச் சொல்ல உங்களிடம் மூன்று நான்கு வாக்கியங்கள் சேர்ந்துவிடும். மேடையில் ஒன்று வராவிட்டால் இன்னொன்று வரும்.

சொல் மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டியவையும் சில உண்டு. தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்கள், மேற்கோள் காட்டும் குறளும் பாடல் வரிகளும், ஆண்டு, அளவு முதலிய எண்கள், கடைசி வாக்கியம் ஆகியவை அவை. தொடக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குக் காரணம், நெஞ்சு படபடக்கும் அந்த முதல் அரை நிமிடத்தில் சிந்தித்துப் பேசுவது எவருக்கும் கடினம் என்பதே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறு பக்கம் என்பது ஐந்து நிமிடத்துக்கு ஒருபோதும் அடங்காது. மேடையில் கேட்பவர் பின்தொடரக்கூடிய வேகத்தில் தமிழில் பேசினால், என் கணக்கில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரை போகும். அப்படியானால் ஐந்து நிமிடத்துக்கு 500 சொற்களுக்குள்தான் இடம். கையெழுத்தில் மூன்று பக்கத்துக்கு மேல் வராது. ஆறு பக்கத்தை ஐந்து நிமிடத்தில் ஓட்டிய வேகமே உங்களைத் தடுக்கி விழ வைத்திருக்கலாம். ஆசிரியரிடம் பணிவோடு சொல்லிப் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள். எழுதியவருக்கு வெட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும்; நானும் ஆசிரியனாக இருந்து மாணவர்களுக்கு எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தவன்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஓர் இடத்தில் மறந்தே போனால், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை, அழுத்தம் கொடுப்பதற்காகச் சொல்வது போல, மெதுவாக இன்னொரு முறை சொல்லிவிட்டு வழித்தடத்தின் அடுத்த புள்ளிக்குப் போய்விடுங்கள். விட்டுப்போனது உங்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் உரையின் படி கேட்பவர் கையில் இல்லை.

கேள்வி: தலைப்பை மட்டும் தந்து ஒரு வாரம் அவகாசம் கொடுக்கிறார்கள். இம்முறை ‘நீரின்றி அமையாது உலகு’. கைப்பேசியில் தேடினால் ஆயத்தமான உரைகள் எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொகுத்துக்கொள்ளலாமா, அல்லது நானே எழுத வேண்டுமா? எழுதுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: நடுவராக அமர்ந்திருந்த ஒரு போட்டியில், மூன்று பள்ளிகளிலிருந்து வந்த மூன்று மாணவர்கள் ஒரே உரையை, ஒரே நகைச்சுவையோடு, ஒரே இடத்தில் கையை உயர்த்திப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். மூன்றாம் மாணவர் அந்த நகைச்சுவைக்கு வந்தபோது அவையில் எழுந்த சிரிப்புக்குக் காரணம் நகைச்சுவை அன்று. தொகுப்பதை நான் தடுப்பது ஒழுக்கம் கருதி மட்டும் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது எல்லாருக்கும் கிடைக்கிறது என்பதாலும்தான்.

இந்தத் தலைப்பில் பேசப் போகும் இருபது பேரில் பதினைந்து பேராவது குறளின் அந்த முதல் வரியைச் சொல்லி, மழைநீர் சேகரிப்பை வலியுறுத்தி, மரம் நடுவோம் என்று முடிப்பார்கள். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, தலைப்பாகத் தரப்பட்ட குறளை முழுவதும் படிப்பது. ‘நீரின்றி அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு’ என்பது குறள். ஒழுக்கு என்பதற்கு நீரின் இடையறாத ஓட்டம் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். ஒழுக்கம் என்று பொருள் கொள்வோரும் உண்டு. பலரும் எட்டிப் பார்க்காத இரண்டாம் வரியிலேயே ஓர் உரைக்கு வேண்டிய கேள்வி இருக்கிறது: நீர் குறைந்தால் பயிர் மட்டும்தான் வாடுமா, மனிதர் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறையும் கெடுமா? தெருக்குழாயடியில் நின்றவருக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, நீங்கள் மன்னார்குடிக்காரர் என்பதால் உங்களுக்கு வேறெவர்க்கும் இல்லாத வாய்ப்புகள் இருக்கின்றன. ஏறத்தாழ 23 ஏக்கர் பரப்புள்ள ஹரித்ராநதித் தெப்பக்குளம் உங்கள் ஊரில் இருக்கிறது. அதன் கரையில் வாழும் முதியவர் இருவரிடம் பேசி, அவர்கள் இளமையில் அந்தக் குளம் எப்படி நிரம்பியது, எந்த வாய்க்கால் வழியே நீர் வந்தது, இன்று எப்படி வருகிறது என்று கேட்டு வாருங்கள். புறநானூற்றின் 18ஆம் பாடலையும் படியுங்கள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் என்னும் புலவர், ‘நீரின்றி அமையா யாக்கைக்கு எல்லாம் உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்று சொல்லி, மறுமை இன்பமும் புகழும் வேண்டுமானால் நிலம் பள்ளமாக உள்ள இடங்களில் நீரைத் தேக்கி வை என்று அறிவுறுத்தும் பாடல் அது. அந்தத் தலையாலங்கானம் உங்கள் திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடு என்று அறிஞர் கருதுகின்றனர். வென்ற மன்னனிடம் போரைப் பற்றிப் பேசாமல் குளத்தைப் பற்றிப் பேசிய புலவரின் துணிவு ஒன்றே ஐந்து நிமிடத்துக்குப் போதுமான பொருள்.

இத்தனையும் சேர்ந்த பிறகு, எழுதத் தொடங்குவதற்கு முன்பு, கேட்பவர் வீட்டுக்குப் போய்த் தம் மனைவியிடமோ மகனிடமோ உங்கள் பேச்சைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்வதாக இருந்தால் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, அதை ஒரு தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். ‘வருகிற நீருக்காகச் சண்டையிடும் நாம், வந்த நீரை வைத்துக்கொள்ளும் இடத்தை இழந்துவிட்டோம்’ என்பது போல அது இருக்கலாம். குறளோ குளமோ புறப்பாட்டோ, அந்த வாக்கியத்துக்குத் துணை செய்யாத எதற்கும் உரையில் இடம் கொடுக்காதீர்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. தேடிக் கண்டுபிடித்ததை விட்டுவிடுவது வலிக்கும். அடுத்த போட்டிக்கு அது உதவும் என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க நன்னூலின் பாயிரத்தை விடச் சிறந்த கருவியை நான் அறியேன். நூலுக்கு ஆகாதவை என்று பவணந்தி முனிவர் பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். அவற்றில் மாணவர் உரைகளை மிகுதியாகக் கெடுப்பவை இரண்டு. முதலாவது, ‘மற்றொன்று விரித்தல்’. குளத்தைப் பற்றிப் பேச வந்தவர் துருவப் பனி உருகுவதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது. இரண்டாவது, ‘சென்று தேய்ந்து இறுதல்’. முழக்கத்தோடு தொடங்கிய உரை போகப்போக மெலிந்து, மணி அடித்ததும் ‘ஆகவே நீரைச் சேமிப்போம்’ என்று முனகி நிற்பது. இதற்குக் காரணம் எளியது. எல்லாரும் உரையைத் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறோம், தொடக்கத்திலிருந்தே பயிற்சி செய்கிறோம்; தொடக்கம் ஐம்பது முறை வாயில் புழங்கியிருக்கும்போது முடிவு ஐந்து முறைகூடப் புழங்கியிருப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் தனியாகப் பேசிப் பழகுங்கள்.

பத்துக் குற்றங்களில் ஒன்றை மட்டும் மேடைக்கு நான் தளர்த்துவேன். கூறியது கூறல் நூலுக்குக் குற்றந்தான். ஏனெனில் படிப்பவர் வேண்டுமானால் முன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். கேட்பவரால் அது முடியாது. ஆகவே அந்த ஒற்றை வாக்கியத்தை உரையில் மூன்று இடங்களில், ஒரே சொற்களில், கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கேள்வி: பேசத் தொடங்குமுன் மேடையில் உள்ள அனைவரையும் பெயர் சொல்லி விளிக்காவிட்டால் மதிப்பெண் குறையுமா?
– மாணவர், விருதுநகர்

பதில்: குறையாது. ‘அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, ஆசிரியர்களே, என் போன்ற மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்’ என்பது போதும். இதற்குப் பத்து நொடி ஆகும். ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை விளிப்புக்கே செலவிட்டு, பின்பு ‘நேரமின்மை காரணமாக’ என்று முடிப்பவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. அவையடக்கமும் அப்படியே. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனை போல இராமன் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்று கம்பர் பாடினார்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியத்தின் வாயிலில் அது பொருத்தம். ஐந்து நிமிட உரைக்கு முன் ‘எனக்கு எதுவும் தெரியாது, பிழை இருந்தால் பொறுத்தருள்க’ என்று சொல்வது, கேட்பவரைப் பிழை தேடச் சொல்வதாகத்தான் முடியும்.

கேள்வி: நன்றாகத் தயாரித்துக்கொண்டாலும் மேடை ஏறியதும் கால் நடுங்குகிறது, நா வறண்டு போகிறது. கையில் பிடித்த தாள் ஆடுவது முன் வரிசைக்குத் தெரிகிறது. அச்சத்தைப் போக்க முடியாதா?
– கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: முற்றிலும் போக்க முடியும் என்று நான் நம்பவில்லை; போக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பலர் கண்கள் நம்மீது பதியும்போது உடல் அதை ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, வாயில் உமிழ்நீர் குறைகிறது, கை நடுங்குகிறது. இது அறியாமையின் அடையாளமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

காந்தியடிகள் தம் வரலாற்றில் இதைத் தயங்காமல் எழுதியிருக்கிறார். லண்டனில் சட்டம் படித்த காலத்தில், புலால் உண்ணாதோர் கூட்டம் ஒன்றில் ஒரு தாளில் எழுதிச் சென்ற சிற்றுரையைப் படிக்க எழுந்தவருக்குக் கண் மங்கி உடல் நடுங்க, உடன் வந்த நண்பர் அதைப் படிக்க வேண்டியதாயிற்று. பிறகு மும்பையில் சிறு வழக்கு நீதிமன்றம் ஒன்றில் 30 ரூபாய் கட்டணத்துக்கு ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணை செய்ய எழுந்து, கேட்க ஒரு கேள்வியும் தோன்றாமல் அமர்ந்துவிட்டார். அந்த வழக்கை 51 ரூபாய் கட்டணத்துக்கு வேறொருவர் நடத்தினார். அந்தக் கூச்சமே தமக்குச் சொற்களைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுத் தந்தது என்றும் அவர் எழுதுகிறார்.

திருவள்ளுவர் இதற்கு வைத்திருக்கும் முறைவைப்பைக் கவனியுங்கள். அவை அஞ்சாமை 73ஆம் அதிகாரம். அதற்கு முன்னே 72ஆவதாக அவை அறிதலை வைத்தார். யார் முன் பேசப் போகிறோம், அவர்களுக்கு என்ன தெரியும், எதைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அறிந்தவருக்குப் பாதி அச்சம் குறைகிறது. போட்டி நடக்கும் அரங்குக்கு அரைமணி முன்னதாகச் சென்று, வெறும் மேடையில் ஏறி நின்று, கடைசி வரிசை நாற்காலியைப் பாருங்கள். பார்வையாளர் இருவர் மூவரோடு இரண்டு சொல் பேசிவிட்டு வாருங்கள். மேடையில் நின்று பார்க்கும்போது அறிமுகமில்லாத கூட்டத்தில் அறிந்த முகம் மூன்று இருக்கும்.

தாள் ஆடுவதற்கு மருந்து, தாளைக் கொண்டுபோகாமல் உள்ளங்கை அளவுள்ள கெட்டி அட்டையில் ஐந்தாறு சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வதே. நடுக்கம் இருக்கும், அட்டை அதைக் காட்டாது. பெயர் அழைக்கப்படுவதற்கு முன் மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்ததைப் போல இரு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விடுங்கள். நாலைந்து முறை போதும். ஒலிபெருக்கி முன் நின்றதும் உடனே தொடங்காமல் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மூன்று நொடி உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும், கேட்பவர்களுக்கு அது நிதானமாகத் தோன்றும்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. ‘வாழை’யை ‘வாளை’ என்கிறாள். பேச்சுப் போட்டியில் இதற்காகவே ஒதுக்குகிறார்கள். திருத்த முடியுமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: இந்த வயதில் எளிதாகத் திருத்தலாம். ‘ல’வுக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது, ‘ள’வுக்கு நுனி மேல்நோக்கி மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது, ‘ழ’வுக்கு அதே போல மடிந்தாலும் எதையும் தொடாமல் நிற்கிறது. உங்கள் மகள் கடைசி நேரத்தில் தொட்டுவிடுகிறாள், அவ்வளவுதான். கண்ணாடி முன் நிற்கவைத்து, ‘ழ்ழ்ழ்’ என்று நாக்கு எங்கும் படாமல் நீட்டி ஒலிக்கச் செய்து, பிறகு வாழை, மழை, கிழவன் என்று சொற்களுக்குப் போகலாம். ‘ஓடுற நரியில ஒரு நரி கிழநரி’ என்று நாம் சிறுவயதில் விளையாட்டாகச் சொன்னதும் இதற்கான பயிற்சியே. ‘செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று ஔவை சொன்னதை நாக்கு என்ற உறுப்பைக் குறித்தே சொன்னதாகவும் கொள்ளலாம். பிறர் முன்னிலையில் அவளைத் திருத்தாதீர்கள். ‘ழ’ வராத பிள்ளையை முதல் சுற்றிலேயே ஒதுக்கும் நடுவர்களைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. கருத்துக்குத் தர வேண்டிய மதிப்பெண்ணை நாக்குக்குத் தந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கோயில் திருவிழா மேடையில் பேச அழைத்தார்கள். தெரு முழுவதும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் பேசியது எனக்கே எதிரொலித்துக் குழப்பியது. நடுநடுவே கீச்சென்ற சத்தம் வேறு.
– பொறியியல் மாணவர், தேனி

பதில்: பொறியியல் மாணவர் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. தெருமுனையில் 100 மீட்டர் தொலைவில் கட்டிய குழாயிலிருந்து உங்கள் குரல் உங்களிடம் திரும்பி வர ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் அடுத்த சொல்லில் இருப்பீர்கள். நடுவில் அமர்ந்திருப்பவருக்கோ அருகிலுள்ள குழாயும் தொலைவிலுள்ள குழாயும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இதற்குப் பேச்சாளர் செய்யக்கூடியது வாக்கியத்தைச் சுருக்கி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒலி அடங்கும் வரை நிற்பதே. திறந்தவெளிக் கூட்டங்களில் பழைய அரசியல் பேச்சாளர்கள் நிறுத்தி நிறுத்திப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கீச்சொலி, ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மீண்டும் மைக்குக்குள் புகுந்து பெருகுவதால் வருவது. மைக்கின் முகம் பெட்டியை நோக்காதபடி நில்லுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தொலைவு போதும். நேர் எதிரே வாயை வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் ‘ப’கரச் சொற்கள் வெடிப்பதும் குறையும். மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பதையும் ஊதிப் பார்ப்பதையும் மைக்செட்காரரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மேடையில் செந்தமிழில் பேசினால் நாடகம் போல இருக்கிறது என்கிறார்கள், பேச்சு வழக்கில் பேசினால் மதிப்பில்லை என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? தமிழில் மேடைப் பேச்சு எக்காலத்தில் தோன்றியது என்பதையும் அறிய விரும்புகிறேன்.
– மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டாம் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. புராணத்தைப் படித்து ஒருவர் பொருள் சொல்லும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அங்கே பேசுபவர் ஒரு நூலின் பின்னால் நின்றார். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பொதுமக்களை நோக்கி, உரைநடையில், தம் சொந்த வாதமாகப் பேசும் முறையைக் கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்கங்கள் பரப்பின. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அதே முறையைச் சைவத்துக்காகக் கையில் எடுத்தார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. இரண்டு ஆண்டு கழித்துத் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தை அளித்தது. அவரையே பரிதிமாற் கலைஞர் ‘வசன நடை கைவந்த வல்லாளர்’ என்றும் போற்றினார். மேடையில் வாதித்தவரே தெளிவான உரைநடையும் எழுதினார் என்பதைத் தற்செயலாக நான் கருதவில்லை.

முதற் கேள்விக்கு வருவோம். பெரியார் மேடையில் வீட்டுப் பேச்சாகவே மணிக்கணக்கில் பேசினார். அண்ணாவின் அடுக்குமொழியைக் கேட்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். இருவர் பேச்சையும் மக்கள் கேட்டார்கள் என்பதே எந்த நடையும் தன்னளவில் தடையில்லை என்பதற்குச் சான்று. இளைஞர்கள் செய்யும் தவறு, அண்ணாவின் எதுகையை எடுத்துக்கொண்டு அவர் வாதத்தை விட்டுவிடுவது. என் கருத்தைக் கேட்டால், எழுத்துத் தமிழின் இலக்கணத்தையும் பேச்சுத் தமிழின் வாக்கிய நீளத்தையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியம் மேடைக்கு ஆகாது. கதை சொல்லும் இடத்தில், ஒரு பாத்திரம் பேசும் சொற்களை மட்டும் உங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலேயே சொல்லுங்கள். அந்த இடத்தில் அவை நிமிர்ந்து உட்காருவதைக் காண்பீர்கள்.

கேள்வி: அவை முழுவதும் கைதட்டியது, ஆனால் எனக்குப் பரிசு இல்லை. நடுவர்கள் ஓரவஞ்சனை செய்கிறார்களா?
– மாணவர், சேலம்

பதில்: சில இடங்களில் செய்யக்கூடும். ஆனால் உங்கள் கடிதத்தின் ஆறாவது வரியில், இரண்டாம் மணி அடித்த பிறகும் ‘சற்று நேரம்’ பேசியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: சீட்டு எடுத்ததும் மூன்று நிமிடத்தில் தயாராகிப் பேச வேண்டிய போட்டியில் கலந்துகொள்ளப் போகிறேன். தலைப்பே தெரியாத உரைக்கு எப்படி முன்கூட்டியே பயிற்சி பெறுவது?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அப்போதைக்கப்போது பிறந்ததாக நாம் வியக்கும் பேச்சுகளில் பலவும் அப்படிப் பிறந்தவை அல்ல. 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், எழுதி வைத்திருந்த உரையைப் பாதியில் விட்டுவிட்டு, ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற பகுதியைப் பேசினார். அருகிலிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் “கனவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று குரல் கொடுத்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அவர் அப்படிக் கேட்க முடிந்ததற்குக் காரணம், அதே கனவைக் கிங் அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட்டில் உட்பட, மேடைகளில் பேசியிருந்தார் என்பதுதான். தாளைவிட்டு அவர் விலகியது பழகிய தடத்துக்கு.

உங்களுக்கும் அப்படிச் சில தடங்கள் வேண்டும். உங்கள் வாழ்வில் நீங்களே கண்ட பத்து நிகழ்ச்சிகள், நன்கு பொருள் உணர்ந்த பத்துக் குறள், நீங்கள் உண்மையாகவே அக்கறை கொண்ட மூன்று நான்கு சமூகச் செய்திகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகி வையுங்கள். வாரம் மூன்று நாள், நாளிதழின் ஏதேனும் ஒரு தலைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, அந்தச் செய்தியோடு குறிப்பேட்டில் உள்ள எது பொருந்தும் என்று தேடி, இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முதல் வாரப் பதிவுகளைக் கேட்பது சங்கடமாக இருக்கும். ‘வந்து’, ‘அதாவது’, ‘எப்படியென்றால்’ ஆகியவை எத்தனை முறை வருகின்றன என்று மட்டும் எண்ணிக்கொண்டு விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் எண்ணிக்கை தானாகக் குறையும்.

போட்டி நாளில் அந்த மூன்று நிமிடத்தைப் பெரும்பாலோர் ‘எப்படித் தொடங்குவது’ என்று யோசித்தே தீர்த்துவிடுகிறார்கள். நீங்கள் முதல் நிமிடத்தில் உங்கள் கடைசி வாக்கியத்தை எழுதிவிடுங்கள். இரண்டாம் நிமிடத்தில் அங்கே கொண்டு சேர்க்கும் ஒரு நிகழ்ச்சியையும் ஒரு காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிமிடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். குளிர்ந்த நீராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.